புளியங்கொட்டையும் கருவிழிப் புண்ணும்

திருவண்ணாமலை என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோருடைய நினைவு வடக்கே அருணாசலத்தின் அடிவாரத்துக்கே செல்லும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் வசிப்பவர்களுக்கு அதே பெயரில், ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஸ்ரீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் குன்றொன்று உண்டு. தென்திருப்பதி என்று ஜனங்கள் போற்றும் அந்தக் குன்றின்மேல் புரட்டாசிச் சனிக்கிழமையன்று ஏறி நின்று பார்க்கிறவருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட வரிசையும், அதன் அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நெல்வயலும் கரும்புக்கொல்லையுமாக விரிந்து கிடக்கும் சமவெளியும் ஒருசேரத் தென்படும். மூலிகைகளுக்குப் பேர்போன சதுரகிரி வத்திராயிருப்புப் பக்கத்தில் இருக்கிறது. செண்பகத்தோப்பும் அதை ஒட்டிய காடும் மருந்துச் செடிகள் மலிந்த பிரதேசம். மலையில் மருந்தும் வயலில் நோயும் இவ்வளவு அருகருகே இருந்தும், ஒன்றை மற்றொன்றுக்கு முறைப்படி கொண்டு சேர்க்கும் வேலை இன்னும் நிறைவேறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வயலில் இருக்கும் நோய் என்று நான் குறிப்பிடுவது கருவிழிப் புண்ணை. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடியைப்போல் மூடியிருக்கும் கருவிழிப் படலம் நடுவில் அரை மில்லிமீட்டர் கனந்தான் இருக்கும். அதில் ரத்தக் குழாய் கிடையாது. கண்ணீரின் ஈரமும் மெல்லிய மேல்தோலுமே அதற்குக் காவல். கதிரடிக்கையில் நெல்லுமி பட்டாலும், கரும்பு வெட்டுகையில் சோகை கீறினாலும், முள்வேலியை ஒதுக்குகையில் ஒரு குச்சி தட்டினாலும் அந்த மேல்தோல் உரிந்துபோகிறது. உரிந்த இடத்தில், மண்ணிலும் இலையிலும் வாழும் பூஞ்சைக் கிருமிகளின் விதைகள் பதிந்துவிடுகின்றன. இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசும்; கருவிழியில் வெண்மையாக ஒரு புள்ளி எழும்பும். சிகிச்சை தாமதித்தால், புண் ஆறினாலும் வடு நிற்கும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று கிராமத்தார் சொல்வது அந்த வடுவைத்தான்.

இந்த நோய் எவ்வளவு பரவலானது என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள். 1976இல் பதினொரு படுக்கைகளுடன் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு, 1994ஆம் வருஷம் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதங்களில், கருவிழியின் நடுப்பகுதியில் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் முன்னதாகக் கண்ணில் அடிபட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விவசாய வேலை செய்கிறவர்கள். கிருமி கண்டறியப்பட்ட புண்களில் பாக்டீரியாவின் பங்கும் பூஞ்சையின் பங்கும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. குளிர்ந்த தேசங்களில் பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் அபூர்வம். நம்முடைய தென்பாண்டிச் சீமையில் அது நித்திய நிகழ்ச்சி. மதுரை ஜில்லாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் வெளியான மற்றொரு ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்து ஜில்லா ஒன்றில் கண்ட அளவுக்கு இது பத்து மடங்கு.

பூஞ்சைப் புண்ணுக்கு மருந்து இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்து மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்ட நாட்டமைசின் என்ற மருந்தே இன்றும் தலைமை மருந்து. புதிதாக வந்த வோரிகொனசோல் என்ற மருந்தோடு அதை ஒப்பிட்டு, அரவிந்த் மருத்துவர்களும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து தென்னிந்தியாவில் 323 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2013இல் வெளிவந்தபோது, பழைய நாட்டமைசினே மேலானது என்று நிரூபணமாயிற்று. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அது நீரில் கரையாமல் பால்போல் கலங்கி நிற்பது; கருவிழிக்குள் ஆழ்ந்து செல்லாதது; ஆகையால் ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விட்டாக வேண்டும். காலை ஆறு மணிக்குக் களத்துக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் ஒரு கூலிக்காரப் பெண், மணிக்கொரு தரம் கையைச் சுத்தமாகக் கழுவி, இமையை இழுத்துப் பிடித்து, மருந்து விட்டுக்கொள்வது எங்ஙனம்? கண் கெடுவதற்கு மருந்தின் பலவீனம் பாதிக் காரணம் என்றால், அதைத் தவறாமல் விட்டுக்கொள்ள முடியாத வாழ்க்கை மற்றப் பாதிக் காரணம்.

சொட்டு மருந்தின் பலவீனத்தைச் சற்று விவரமாகவே பார்க்க வேண்டும். நம் கண்ணில் எந்நேரமும் தங்கியிருக்கும் கண்ணீர் சுமார் ஏழு மைக்ரோலிட்டர்தான். மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டோ அதைப்போல் ஐந்தாறு மடங்கு. அவ்வளவையும் கண் ஏற்றுக்கொள்ள மாட்டாது. மிகுந்தது கன்னத்தில் வழிகிறது. மற்றதை இமை கொட்டக் கொட்டக் கண்ணீர்ப் பை வழியாக மூக்குக்குள் தள்ளிவிடுகிறது. கண்ணுக்கு மருந்து விட்டால் தொண்டை கசக்கிறதே என்று பலர் வியப்பது இதனால்தான். விட்ட மருந்தில் நூற்றில் ஐந்து பங்குகூடக் கருவிழிக்குள் செல்வதில்லை. எனவே மருந்தைக் கண்ணின்மேல் சற்று நேரம் தங்கவைப்பது, மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதற்கு ஒப்பான காரியம். ஜெல் என்று இப்போது எல்லோரும் வழங்கும் வழவழப்பான பதம் இதற்காகவே கண் வைத்தியத்தில் புகுந்தது.

இனி மூலிகைக்கு வருவோம். கண்ணுக்கு மூலிகை என்றால் நம் ஜனங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது நந்தியாவட்டைப் பூவும் பொன்னாங்கண்ணிக் கீரையும் திரிபலா நீரும்தான். சித்த வைத்தியத்தில் நயனவிதி என்ற பெயரிலேயே நூல்கள் இருக்கின்றன. கண்ணோய் தொண்ணூற்றாறு என்று வகுத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு புறமருந்துகளில் கண்ணில் இடும் கலிக்கமும் மையும் தனித்தனி இடம் பெற்றவை. அந்த முறைகளில் சரக்கைச் சுத்தி செய்வதும், அரைப்பதும், வடிகட்டுவதும், காலம் பார்த்து இடுவதும் கண்டிப்பான விதிகளுக்கு உட்பட்டவை என்பதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், வரப்பில் கிடைத்த இலையைக் கையில் கசக்கி, அதே கையால் கண்ணில் பிழிகிற வழக்கத்துக்கும் சித்த சாஸ்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. அரவிந்த் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கு வருமுன் இத்தகைய கைவைத்தியம் செய்துகொண்டவர்கள் என்று தெரியவந்தது. இலைச்சாறு மருந்தைக் கொண்டுவருகிறதோ இல்லையோ, இலையின்மேல் ஏற்கெனவே வாழும் பூஞ்சையைப் புண்ணுக்குள் நிச்சயமாகக் கொண்டுவரக் கூடும். எருக்கம்பால் இன்னும் பொல்லாதது: கண்ணில் தெறித்தால் அதிக வலி தெரிவதற்கு முன்பே கருவிழியின் உட்படலத்தைத் தாக்கிப் பார்வையை மங்கச் செய்துவிடும்.

அப்படியானால் மூலிகையில் உண்மையான சத்து இல்லையா என்றால், இருக்கிறது. மரமஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைத் தரும் பெர்பெரின் என்ற ரசாயனப் பொருள் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது. இமைக்குள் மணல்மணலாகக் கொப்புளித்துப் பார்வையைக் கெடுக்கும் டிரக்கோமா நோய்க்கு அதைச் சொட்டு மருந்தாகக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக இந்திய மருத்துவர்கள் 1982இலேயே எழுதியிருக்கிறார்கள். மருந்தியல் கல்லூரிகளில் இத்தகைய சத்துக்களை முதலில் பரீட்சிக்கும் விதம் எளிமையானது. அகர் என்ற கூழ் உறைந்த தட்டில் கிருமியைத் தடவி, நான்கைந்து குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மூலிகையின் சாரத்தை இட்டு, இளஞ்சூட்டில் ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துப் பார்ப்பார்கள். தட்டு முழுவதும் கிருமி வெளிறிய படலமாய் வளர்ந்திருக்க, வீரியமுள்ள சாரம் இருந்த குழியைச் சுற்றி மட்டும் வட்டமாக ஓர் இடம் தெளிந்திருக்கும். அந்த வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வார்கள்.

இந்த வட்டத்தைப் பார்த்தவுடனே மருந்து கிடைத்துவிட்டதாக எண்ணுவது பெருந்தவறு. தட்டில் கண்ணீர் ஓடுவதில்லை, இமை கொட்டுவதில்லை, காக்க வேண்டிய மென்மையான கருவிழி உயிரணுக்களும் அங்கே இல்லை. கிருமியைக் கொல்லும் அளவு, கருவிழியையும் புண்படுத்தும் அளவாக இருக்கலாம். மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் கரைவதே அரிது. கரையாத துகள் கண்ணை உறுத்தும். சாரம் இறக்கப் பயன்படுத்திய சாராயம் அதில் மிஞ்சினாலும், கார அமில நிலை கண்ணீருக்கு ஒவ்வாமல் போனாலும், உப்பின் அளவு கூடினாலும் குறைந்தாலும் கண் எரியும். எரிந்தால் நீர் பெருகும். பெருகிய நீர் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். நம் நாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அகர் தட்டோடு நின்றுபோனவை மிக அதிகம் என்பது வருத்தத்துக்குரிய உண்மை. மரமஞ்சளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது மேற்கு மலைக்காட்டில் அருகிவரும் கொடி. வெட்டியவர்கள் நட்டவர்களைவிட மிகுதி. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டைச் சுரண்டி மருந்து செய்வது சாத்தியமும் அன்று, தர்மமும் அன்று.

ஆகையால்தான் மலைமேல் தேடுவதைவிடச் சாலையோரத்தில் நிற்கும் புளியமரத்தை நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். புளியை எடுத்துக்கொண்டு கொட்டையை ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் கொட்டையின் பருப்பில் ஸைலோகுளூக்கன் என்ற பசைப்பொருள் நிறைந்திருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் 1940களில் இதை ஆராய்ந்து, பாவு நூலுக்குக் கஞ்சி போட உதவும் என்று கண்டார்கள். அதுமுதல் புளியங்கொட்டைத் தூள் நெசவுத் தொழிலுக்கு ஒரு சரக்காயிற்று. ஆலைகள் நிறைந்த இராஜபாளையத்துக்கு, நூலை இழுவிசை தாங்கச் செய்யும் பசையின் குணத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நூலைப் பற்றிய அந்தப் பசை கண்ணையும் பற்றும் என்பதை எடுத்துக்காட்டியவர்கள் இத்தாலியர்கள். கருவிழியின்மேல் கண்ணீர் வழுக்கிவிடாமல் ஒட்டியிருக்கச் செய்வது மியூசின் என்ற வழவழப்புப் பொருள். புளியங்கொட்டைப் பசையின் மூலக்கூறு, நடுத்தண்டிலிருந்து பக்கக் கிளைகள் பிரியும் அமைப்பில் அந்த மியூசினை ஒத்திருக்கிறது. இமை கொட்டும்போது இளகிப் பரவுகிறது. இமை திறந்ததும் மறுபடி கெட்டிப்படுகிறது. இந்தப் பசையில் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கலந்து முயல்களின் கண்ணில் விட்டபோது, வெறும் நீரில் கலந்ததைவிட அதிக மருந்து உள்ளே சென்றதாக 2000த்திலும், கருவிழிப் புண் உண்டாக்கப்பட்ட முயல்களில் கிருமிகள் வெகுவாகக் குறைந்ததாக 2004இலும் அவர்கள் அறிவித்தார்கள். கண் வறட்சிக்குப் புளியங்கொட்டைப் பசை சேர்ந்த சொட்டு மருந்து ஐரோப்பாவில் கடைகளிலேயே கிடைக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகளோ, இந்தப் பசையின் பக்கக் கிளைகளில் உள்ள காலக்டோஸ் சர்க்கரையில் ஒரு பகுதியை நொதி கொண்டு நீக்கிவிட்டால், புட்டியில் நீராக இருப்பது உடலுஷ்ணம் பட்டதும் ஜெல்லாக உறையும் என்று கண்டு, 2001இல் அதைக் கண் மருந்துக்குப் பிரயோகித்துப் பார்த்தார்கள்.

அந்தப் பசையை எடுக்கும் முறை நம் சமையற்கட்டுக்கு வெகு தூரமல்ல. கொட்டையை வறுத்துச் செந்தோலை நீக்கிப் பருப்பை மாவாக அரைக்கிறார்கள். மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறி, ஒரு ராத்திரி தெளியவிடுகிறார்கள். அடியில் தங்கிய புரதத்தையும் நாரையும் விட்டு, மேலே நிற்கும் குழகுழப்பான தெளிவை மட்டும் இறுத்து, அதைப்போல் இரண்டு மடங்கு சாராயத்தில் ஊற்றினால், பசை திரிதிரியாகப் பிரிந்து மிதக்கும். அதை அள்ளி, மிதமான சூட்டில் உலர்த்தி, பொடித்துச் சலித்து வைத்துக்கொள்கிறார்கள். இதுவரை எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் செய்துவிடலாம். கிருஷ்ணன்கோவிலில் மருந்தியல் கல்லூரி இருக்கிறபடியால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் இதற்கு வெளியூர் போக வேண்டியதும் இல்லை.

கடினமான வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. கண்ணில் விடும் எதிலும் ஒரு கிருமிகூட இருக்கலாகாது. சாதாரணச் சொட்டு மருந்தை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்திக் கிருமி நீக்குகிறார்கள். குழைவான ஜெல் அந்தத் துளையில் எளிதில் இறங்காது. அதிகச் சூடு காட்டினால் பசை சிதைந்து நீர்த்துவிடலாம். மூலிகைச் சாரத்தில் மண்ணின் கிருமிகள் ஆரம்பத்திலேயே மிகுதி. அலட்சியத்தின் பலன் என்ன என்பதை 2023இல் உலகம் கண்டது. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவுக்குச் சென்ற செயற்கைக் கண்ணீரில், மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி கலந்திருந்ததாகக் கண்டறியப்பட்டது. பதினெட்டு மாகாணங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், பதினாலு பேர் பார்வை இழந்தார்கள், நாலு பேர் உயிரே இழந்தார்கள். மூலிகைதானே, பக்கவிளைவு இல்லையே என்று எண்ணி ஜெல் தயாரிக்க முற்படுகிறவர் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை மேஜைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சுத்தம் நமக்குக் கைவராத வித்தை என்று யாரும் சொல்ல முடியாது. இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்ற ஊர், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்கே பேர்பெற்றது. அந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்யும் சல்லடைத் துணியை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, வெளுத்து, நீரை உடனே உறிஞ்சும்படி பதப்படுத்தி, ஆஸ்பத்திரிக்கு உரிய தரத்தில் அனுப்புகிறார்கள். தறியிலிருந்து வந்த சாதாரண நூல்துணி, கட்டுப்பாடான பல படிகளைக் கடந்து, புண்ணின்மேல் வைக்கத் தகுதி பெறுகிறது. புளியங்கொட்டையும் கண்ணுக்குத் தகுதி பெற அத்தகைய படிகளையே, இன்னும் கண்டிப்பாக, கடந்தாக வேண்டும்.

சட்டமும் வழி திறந்து வைத்திருக்கிறது. மூலிகையிலிருந்து சுத்திகரித்துத் தரப்படுத்திய சாரத்தை, அதில் குறைந்தது நான்கு சத்துக்களின் அளவை நிர்ணயித்துக் காட்டி, நவீன மருந்துகளுக்குரிய பரிசோதனைகளையே செய்து அங்கீகாரம் பெறலாம் என்று இந்திய அரசு 2015இல் தனிவகையொன்றை ஏற்படுத்தியது. ‘பாட்டி வைத்தியம்’ என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் மூலிகை நேர்நின்று வாதாட இது நல்ல சந்தர்ப்பம். முயலின் கண்ணை வருத்துமுன், கோழிமுட்டைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்தில் மருந்தை இட்டு எரிச்சல் உண்டாகிறதா என்று பார்க்கலாம். இறைச்சிக்காக அறுத்த ஆட்டின் கருவிழியில் எவ்வளவு மருந்து ஊடுருவுகிறது என்றும் அளக்கலாம். இவையெல்லாம் வழக்கத்துக்கு வந்துவிட்ட முறைகள்.

எந்த நோய்க்கு இந்த ஜெல்லை முதலில் செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண் சிவப்பு பெரும்பாலும் வைரஸினால் வருவது. ஒரு வாரம் பத்து நாளில் தானே அடங்கும். அதில் எந்த மூலிகையைப் போட்டாலும் பலித்ததுபோலவே தோன்றும். ஆகையால் உண்மையான பரீட்சைக்கு அது உதவாது. கருவிழிக் கீறலே தக்க இடம். நேபாளத்தில் பக்தபூரிலும், பிறகு மதுரை ஜில்லாக் கிராமங்களிலும், கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களே உடனுக்குடன் ஆன்டிபயாடிக் களிம்பை நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டபோது, புண்ணாக முற்றியவர்கள் மிகச் சிலரே. கீறல் பட்ட அன்றே களிம்பு கைக்கு எட்டியதுதான் அங்கே விசேஷம். இன்றைக்கும் கண்ணில் உமி விழுந்தவர் சுத்தமான நீரால் கழுவிக்கொண்டு, கசக்காமல், எதையும் பிழியாமல், மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு கேட்டு வாங்காமல், அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது இராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி.

பூஞ்சைப் புண் முற்றியவர்களுக்கோ, நாட்டமைசினை ஒதுக்கிவிட்டு மூலிகையை வைத்துப் பார்ப்பது நியாயமாகாது. நிரூபணமான மருந்தைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயாளிகளைச் சம்மதத்தோடு இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான நாட்டமைசின் சொட்டை மணிக்கொரு தரமும், மற்றொரு பிரிவுக்கு அதே நாட்டமைசினைப் புளியங்கொட்டை ஜெல்லில் கலந்து நாளைக்கு நாலைந்து வேளையும் கொடுத்து, யாருக்கு எது என்று அறியாத மருத்துவர் ஒருவர் மூன்று மாதம் கழித்துப் பார்வைப் பலகையின்முன் அவர்களை உட்காரவைத்து, எந்தப் பிரிவினர் எத்தனை வரி படிக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.